முதலில் தூக்க வேண்டியவர்கள்

நான் ஒரு பொய்க்காரி. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்ததாகப் பெருமையடித்துக்கொள்ள வேண்டாம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஆரணியில் எங்கள் வார்டில் நகராட்சிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். ஏரி உடைந்தால் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, கையில் எதையெல்லாம் எடுத்துக்கொள்வது என்று சொன்னார்கள். நகராட்சி மேஸ்திரி பச்சையப்பன் ஓர் அரிசி மூட்டையை நாற்காலியில் வைத்துக் கட்டி, நடக்க முடியாதவர்களை எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று தெருவில் ஓடிக் காட்டினார். பாதி வழியில் மூட்டை அவிழ்ந்து கொட்டியது. 'நோயாளி பிழைச்சிக்குவாரா மேஸ்திரி' என்று பெண்கள் கிண்டலடித்தார்கள். நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீட்டுக் கதவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்களாம். வெள்ளம் வந்தால் படகு முதலில் அந்த வீட்டுக்குத்தான் வருமாம்.

என் வீட்டுக் கதவிலும் பச்சையப்பன் ஒன்றை ஒட்டினார். என் மூத்த மகள் லாவண்யாவுக்கு இருபத்தாறு வயது. பிறந்ததிலிருந்தே கால் வராது, பேச்சு குழறும். ஆனால் ஒரு முறை சொன்னதை மறக்கவே மாட்டாள்.

அந்த ஸ்டிக்கரை வெந்நீர் ஊற்றிச் சுரண்டியவள் நான்தான். சின்னவள் தேவிப்ரியாவைப் பெண் பார்க்கச் சேத்துப்பட்டிலிருந்து வருவதாக இருந்தார்கள். அக்காக்காரி இப்படி என்று தெரிந்து ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. வயிறு எரியுமா எரியாதா? லாவண்யாவைச் சந்தவாசலில் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டதாகத் தெரு முழுக்கச் சொன்னேன். பச்சையப்பனிடமும் சொன்னேன். என் கண்ணெதிரிலேயே அவர் பட்டியலில் அவள் பேரை அடித்தார். அவளோ பின்னறைக் கட்டிலில் இருந்தாள். அந்த அறை ஜன்னலையும் சாத்தித் தாழ் போட்டிருந்தேன்.

கார்த்திகையில் புயல் வந்தது. இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் கொஞ்சம் வெறித்தது. சேத்துப்பட்டுக்காரர்கள் வந்து பார்த்து, சின்னவளைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்குத்தான் நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டிய நாள். வானம் சரியில்லை, இன்னொரு நாள் போகலாம் என்றார் என் வீட்டுக்காரர் தருமன். அவர் பேச்சை என்றைக்குக் கேட்டேன், அன்றைக்குக் கேட்க? தேவிப்ரியா வேலூரில் வேலைக்குப் போயிருந்தாள். லாவண்யாவுக்கு இட்லி ஊட்டினேன். மூன்று மணி நேரத்தில் வந்துவிடுவோம் என்று சொல்லி, வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சேத்துப்பட்டில் மாப்பிள்ளையின் அம்மா உண்ணாமலை கேசரி வைத்த நேரத்தில் போன் வந்தது. பக்கத்து வீட்டுச் சின்னம்மா. ஏரி உடைத்துக்கொண்டதாம், தெருவில் இடுப்புத் தண்ணீராம், அவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்களாம். நல்ல வேளை, உங்கள் வீட்டில் யாருமில்லை என்றாள்.

என் முகத்தைப் பார்த்தே தருமனுக்குப் புரிந்துவிட்டது. வண்டி தேடி ஓடினார். பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது, எந்த வண்டியும் ஆரணிக்குப் போகாது என்று சொல்லிவிட்டார்களாம். திரும்பி வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் வாசலுக்கு ஓடிப் பச்சையப்பனைக் கூப்பிட்டேன். ஐந்தாவது தடவைதான் எடுத்தார். உள்ளே கேட்டுவிடப் போகிறதே என்று குசுகுசுவென்று பேசினேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் புத்திதான்.

"யக்கா, மழை சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லுங்க."

திரும்பிப் பார்த்தேன். உண்ணாமலை காபி டம்ளருடன் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"என் பெரிய பொண்ணு வீட்டுக்குள்ளதான் இருக்குது தம்பி," என்று கத்தினேன். "பின்னறையில. அதால எழுந்து நடக்க முடியாது. சந்தவாசல்னு நான் பொய் சொன்னேன்."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால், பூட்டியிருந்தும் சந்தேகத்துக்கு அந்தக் கதவையும் அவர் தட்டி மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்ததாகச் சொன்னார். உள்ளே இருந்து சின்னச் சத்தம்கூட வரவில்லையாம். இப்போது படகு அடுத்த தெருவுக்கு ஆளெடுக்கப் போய்க்கொண்டிருந்தது.

"இதுவும் பொய்யின்னா இங்க ஒரு உசுரு போயிடும்கா."

என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தேன். படகைத் திருப்பினார்கள். போனை வைக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். படகு சுவரில் இடித்ததும், அவர் ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டதும் எனக்குக் கேட்டது. பதில் மட்டும் இல்லை. தண்ணீர் ஜன்னலின் அடி விளிம்புக்கு வந்துவிட்டது, சத்தமே வரவில்லை என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நகராட்சி ஒத்திகை நடத்தியது ஒரே ஒரு நாள். நான் லாவண்யாவை வைத்து ஒரு மாதமாகத் தினமும் நடத்தியிருந்தேன். யார் தட்டினாலும், பேர் சொல்லியே கூப்பிட்டாலும், நான் சொல்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் மறந்துபோய் இருமியதற்கு அறைந்துமிருக்கிறேன். பாவி, பெற்றவளா நான்?

போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னேன்.

"லாவண்யா, அம்மா பேசறேன்டி. கத்து. எவ்ளோ சத்தமா வேணும்னாலும் கத்து."

தண்ணீர் சுவரில் மோதுகிற சத்தம்தான் வந்தது. மறுபடி கத்தினேன். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வரட்டும். எவர் கேட்டால் எனக்கென்ன? மூன்றாவது தடவை கத்தும்போது தொண்டை கட்டிவிட்டது.

போனுக்குள்ளிருந்து, குளிரில் பல் அடித்துக்கொள்ள, அவள் குரல் வந்தது.

"அம்மா... பேசலாமா?"

அங்கே பச்சையப்பன் ஜன்னலை இடிக்கத் தொடங்கினார். பேசலாம் என்று சொல்ல எனக்குத்தான் குரல் வரவில்லை.