மஞ்சள் கோடு

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சேரப்பணஞ்சேரி மனைப்பிரிவின் மூன்றாவது வளைவில், சுகப்பிரியாவின் பைக் நாலாவது முறையாகப் பின்பக்கத்தை ஆட்டியது. வளைவை விட்டு வெளியே வரும்போது ஆக்சிலேட்டரைத் திருகினால் போதும், பின்சக்கரம் தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டு போனது. அவள் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஓர் எல்லைக்கல்லின் மேல் உட்கார்ந்தாள். ஒரு வீடுகூட வராத இடத்தில் பளபளவென்று தார் ரோடு போட்டு வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் அந்த வட்டாரத்தில் இல்லை.

அன்று மூன்று மணிக்கு ஒரகடத்தில் தேர்வு. அவள் வேலை பார்க்கும் பைக் கம்பெனியில் டெஸ்ட் ரைடர் வேலைக்கு, வண்டி பூட்டும் லைனில் இருந்தே ஆள் எடுக்கிறார்கள், பெண்களும் வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டிய அன்றே முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் அவள். மூன்று வருஷமாகக் கடைசி லைனில் நின்று, யார் யாரோ ஓட்டப்போகிற வண்டிகளுக்கு நட்டு முறுக்கி, முறுக்கியதற்கு அடையாளமாக மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு அனுப்பியவள். ஒரு நாளாவது கம்பெனியின் சோதனை டிராக்கில் தானே ஓட்ட வேண்டும் என்று வெறியே பிடித்திருந்தது. அதற்காகத்தான் லைனை விட்டுப் போன பகலவனிடம் இந்தப் பழைய வண்டியை வாங்கினாள். போன செவ்வாய் வரைக்கும் அது சொன்ன பேச்சைக் கேட்டது. புதன்கிழமையில் இருந்துதான் இந்தக் கூத்து.

"பேர வாபஸ் வாங்கிருதேன் ஜாஸ்மின்," என்றாள். "வண்டிய குத்தம் சொல்லி என்ன செய்ய? எனக்குத்தான் வளைவுல கை நடுங்குது. பயந்தவள டிராக்குல ஏத்துவாங்களா?"

மண்ணூர்க்காரி ஜாஸ்மினுக்கு லைனில் அவளுக்கு அடுத்த இடம். துணைக்கென்று வந்தவள் வெயிலில் நின்று நின்று கடுப்பாகியிருந்தாள். "வண்டியா நீயான்னு பாக்காமலே இன்னாத்துக்குடி வாபஸு? எழுந்து வா."

இருவரும் பார்த்தார்கள். டயர் காற்று முன்னும் பின்னும் சரி. டயரில் ஆணி இல்லை, தேய்மானமும் அளவோடுதான். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினால், எங்கும் சிக்காமல் வழுவழுவென்று திரும்பியது. ஜாஸ்மின் பின்சக்கரத்துப் பக்கம் போனாள்.

"அத விடு. அங்க மார்க் கெடக்கு," என்றாள் சுகப்பிரியா.

நட்டிலும் அதன் அடியிலிருந்த இரும்பிலும் சேர்த்து இழுத்த மஞ்சள் கோடு உடையாமல் நேராக இருந்தது. நட்டு தளர்ந்து திரும்பினால் கோடு உடையும். கோடு உடையவில்லை என்றால் லைனில் யாரும் அந்த நட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஜாஸ்மினும் பார்க்கவில்லை.

"சாவிய கொடு. நா ஒரு ரவுண்டு போறேன்," என்றாள் ஜாஸ்மின். அவளுக்குப் பயம் என்பது எந்தக் கடையில் கிடைக்கும் என்றே தெரியாது. மூன்றாவது வளைவில் சாய்ந்தாள், திருகினாள். பின்பக்கம் அதே ஆட்டம் ஆடியது. ஜாஸ்மின் காலை ஊன்றி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தாள்.

சுகப்பிரியாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தோழி விழப்பார்த்ததற்கு இப்படிச் சந்தோஷப்படலாமா என்று கூச்சமாகவும் இருந்தது, ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உனக்கும் ஆடிச்சுல்லா? அப்ப என் கை இல்ல."

"உன் கை இல்ல, தாயே. கோளாறு வண்டிலதான் கீது. புதன்கெழமலேந்துன்னா, செவ்வாக்கெழம இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணலியே. செயின் தொய்வா இருந்துச்சு, டைட் வச்சேன். அதுக்குள்ள கம்பெனி பஸ் ஹாரன் அடிச்சிட்டான்…"

அவள் பார்வை பின்சக்கர நட்டுக்குப் போனது. செயினை இறுக்கப் பின்சக்கர நட்டைத் தளர்த்த வேண்டும். வேலை முடிந்ததும் திரும்ப முறுக்க வேண்டும். லைன் வேகம் பிடிக்கிற நாட்களில் முதலில் கோட்டை இழுத்துவிட்டுப் பிறகு முறுக்கி, விலகிய கோட்டை ஒரு தீற்றலில் ஒட்டிவிடுவது அவர்கள் எல்லோருக்கும் உள்ள கள்ளப் பழக்கம். செவ்வாய்க்கிழமை அவள் கை அந்தப் பழக்கத்தில் கோட்டை இழுத்தது. ஹாரன் சத்தத்தில் நட்டை முறுக்காமலே ஓடிப்போய் பஸ் ஏறியும்விட்டாள்.

நட்டில் ஸ்பானரை வைத்துத் திருப்பினாள். அது ஒரு சொல் எதிர்ப்பில்லாமல் சுற்றியது. உடையாமல் இருந்த கோடு இரண்டாகப் பிரிந்தது. சக்கரமும் ஒரு பக்கம் ஒரு நூலளவு கோணியிருந்தது. செவ்வாய்க்கிழமை கையால் போட்டதோடு சரி, அந்த நட்டு இறுகவே இல்லை. இறுகாமல் போட்ட இடத்திலேயே நின்ற நட்டில் கோடு எப்படி உடையும்?

"மூணு நாளா இதுல பஜாருக்கு வேற என்னிய கூட்டினு போன," என்றாள் ஜாஸ்மின், தலையில் கை வைத்துக்கொண்டு.

சக்கரத்தை நேராக்கி, நட்டை முறுக்கி, மார்க்கரைப் பையிலேயே விட்டுவிட்டுச் சுகப்பிரியா ஏறினாள். மூன்றாவது வளைவில் சாய்ந்து திருகியதும் வண்டி பிடித்த பிடியில் ஒட்டிக்கொண்டு பறந்தது. கத்த வேண்டும் போல இருந்தது அவளுக்கு. ஒரு சுற்றுக்கு ஐந்து சுற்று போய்விட்டுத்தான் இறங்கினாள்.

மூன்று மணிக்கு டிராக் வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'கடைசியாக நீங்கள் கண்டுபிடித்த கோளாறும் அதன் காரணமும்' என்று கேட்டிருந்தது. உண்மையை எழுதினால் இருக்கிற வேலைக்கே மெமோ வரலாம். ஆனாலும் எழுதினாள்: 'பின்சக்கர நட்டு முறுக்கப்படவில்லை. முறுக்கும் முன்பே மஞ்சள் கோடு போடப்பட்டது. போட்டது நான்.'

தேர்வு அதிகாரி கோமதிநாயகம் அதை இரண்டு முறை படித்தார். அவள் கட்டைவிரலில் ஒட்டியிருந்த மஞ்சளையும் பார்த்தார்.

"லைன்ல இப்பிடி எத்தன பேரு பண்றீங்க?"

"எல்லாரும்தான் சார்."

அவர் படிவத்தை மற்றவற்றோடு சேர்க்காமல் மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"டிராக்குக்கு ஹெல்மெட் என்ன சைஸும்மா?" என்று கேட்டார்.