துடக்கு லீவு

முதலாளி எனக்குத் தேநீர் சொல்லியனுப்பியபோதே ஏதோ பிழை என்று தெரிந்துவிட்டது. கிளிநொச்சியில் அந்த அரிசி மில்லின் கந்தோரில் நாலு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். மாரி மழையில் தெப்பமாக நனைந்து வந்த நாளில்கூட, சுடச்சுட ஏதாவது வேண்டுமா என்று கேட்டவரில்லை நடராசா முதலாளி. அப்படிப்பட்டவர் "சிவதர்சினிப் பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி குடுங்கோ, சீனி கூடப் போட்டு" என்று குரல் கொடுத்தால், எனக்குச் சந்தேகம் வராதா?

வீட்டில் என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எந்தக் கடதாசியையும் மூன்று தரம் வாசிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. என் எழுத்து நடந்த அன்றும் அப்படித்தான். எழுத்து என்றால் கல்யாணப் பதிவு; எங்கள் பக்கத்தில் அதை முதலில் முடித்துவிட்டு, தாலியை ஆறேழு மாதம் கழித்துக்கூடக் கட்டுவார்கள். பதிவாளர் நீட்டிய புத்தகத்தை நான் மூன்றாம் தரம் வாசித்துக்கொண்டிருக்க, பிரதாபன் முகமெல்லாம் வேர்த்து, "என்னப்பா, மாட்டன் எண்டு சொல்லப் போறீரோ?" என்று கேட்டான்.

அந்தப் பிரதாபனுக்கு வேலை வவுனியாவில். தாலி ஏறி ஆறு மாதமாகியும் நான் ஸ்கந்தபுரத்தில் அம்மா வீட்டில்தான் இருந்தேன். சனிக்கிழமை பின்னேரம் பஸ், திங்கட்கிழமை விடியப்புறம் திரும்ப பஸ். இது ஒரு குடும்பமா என்று எனக்கே அலுத்துப்போன நேரத்தில்தான் வவுனியாவில் விதைநெல் விற்கும் கம்பனி ஒன்று வேலை தந்தது. பதினாறாம் திகதி வியாழக்கிழமை, பழைய இடத்தின் சேவைக் கடிதத்தோடு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அடுத்தவருக்கு அந்த இடம் போய்விடும்.

நான் முதலாம் திகதியே விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். மில் தந்த நியமனக் கடிதத்தில் இருந்தது இதுதான்: விலகுபவர் ஒரு மாதம் முன்கூட்டி அறிவிக்க வேண்டும், மிச்சமிருக்கும் வருடாந்த லீவை அந்த மாதத்துக்குள்ளேயே எடுக்கலாம், கடைசி வேலைநாளில் கடைசிச் சம்பளமும் சேவைக் கடிதமும் கையில் கிடைக்கும். மாதத்தை முடிக்காமல் போனால் இரண்டும் இல்லை. இந்த வருடத்து லீவு பதினாலு நாளையும் நான் தொடவே இல்லை. பதினாறிலிருந்து முப்பத்தொன்றுவரை, இரண்டு ஞாயிறும் போக, சரியாகப் பதினாலு வேலைநாள். கலண்டரில் விரல் வைத்து மூன்று தரம் எண்ணியிருந்தேன்.

தேநீர் வந்தது பத்தாம் திகதி. நான் அதைத் தொடவில்லை.

"பிள்ளை, உமக்கு லீவு ஒரு நாள்தான் கிடக்குது" என்றார் முதலாளி.

"பதினாலு, ஐயா."

"ஒண்டு. போன ஆனி முழுக்க வீட்டில நிண்டனீர், மறந்துபோனீரோ?"

மறப்பேனா? போன வருடம் ஆனியில் என் பெரியப்பா, அப்பாவின் தமையன், செத்துப்போனார். எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்கு முடியும்வரை கோயில் வாசலை மிதிக்க மாட்டோம். எங்கள் முதலாளிக்கு மில்லும் கோயில் மாதிரித்தான். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் அரிசி போவது இங்கேயிருந்து. செத்தவீட்டுக்கு வந்தவர் வாசல் படலையடியில் நின்றுகொண்டே, "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு வாரும். அதுக்கு முதல் மில்லுக்குள்ள காலடி வைக்க வேண்டாம்" என்றார். ஆள் மாறினாலும் அவருடைய சட்டம் மாறாது. மில்லில் எவர் வீட்டில் சாவு விழுந்தாலும் இதே கதைதான். சம்பளம் வெட்டவில்லை. நல்ல மனிசன் என்று அம்மா சொன்னா. வீட்டில் சும்மா இருந்த கூச்சத்தில் போன வருட லீவை நான் கேட்கக்கூட இல்லை.

இப்போது அந்த நல்ல மனிசன் விரல் மடக்கினார். முப்பத்தொன்றில் ஞாயிறு நாலு போக இருபத்தேழு. போன வருட லீவு பதினாலு, இந்த வருடத்தது பதினாலு. மிச்சம் ஒன்று.

"நீங்கள்தானே ஐயா துடக்கு, வர வேண்டாமெண்டு சொன்னனீங்கள்?"

"துடக்குக்காரரை வர வேண்டாமெண்டுதான் சொன்னனான். எழுத்து முடிஞ்ச பிள்ளைக்குத் தகப்பன் பக்கத்துத் துடக்கு என்னெண்டு வரும்? நீர் அப்பவே புருசன் பக்கத்து ஆள். எழுத்து முடிஞ்ச கதை எனக்கு ஆர் சொன்னது? தெரிஞ்சிருந்தால் அடுத்த நாளே வேலைக்கு வரச் சொல்லியிருப்பன். வேணுமெண்டால் தொழில் கந்தோருக்குப் போம். அவையும் லீவுப் புத்தகத்தைத்தான் கேப்பினம்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தேநீரைத் தூக்கி அவருடைய வெள்ளைச் சேட்டில் ஊற்றியிருப்பேன். ஊற்றவில்லை. சேவைக் கடிதம் அந்தச் சேட்டுப் பையில் இருந்த பேனாவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் என் சந்தேகம் நேரே இராசமலர் அக்காவிடம் போயிற்று. லீவுப் புத்தகம் அவருடைய பொறுப்பு. அலுமாரியைப் பூட்டும் திறப்பு அவருடைய கைப்பையில். கடிதம் கொடுத்த நாளிலிருந்து நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்: நான் கிட்டப் போனால் அவர் புத்தகத்தை மூடுகிறார். ஒரு நாள் கலண்டர்த் தாளைக் கிழித்து அதற்குள் வைத்ததையும் கண்டேன். பன்னிரண்டு வருடமாக முதலாளியின் வலக்கை. என் எழுத்துக் கதையை அவருக்கு எடுத்துக் கொடுத்தது வேறு யாராக இருக்கும்?

அதோடு பழைய கணக்கு ஒன்றும் இருந்தது. மில்லில் கல்யாணத்துக்கு ஒரு கிழமை லீவு தருவார்கள். போன வைகாசியில் எழுத்து முடிந்ததும் அதைக் கேட்டுத் தரும்படி இராசமலர் அக்காவிடம் சொன்னேன். பின்னேரம் வந்து, "முதலாளி மாட்டன் எண்டிட்டார், பிள்ளை. தாலி கட்டேக்க பாப்பமாம்" என்றார். அவர் கேட்கவே இல்லை என்றுதான் ஒரு வருடமாக நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தவரிடம் நேரேயே கேட்டேன். "எத்தினை நாளாய் அக்கா என்ர லீவைத் திண்டுகொண்டிருக்கிறீங்கள்?"

நெல்லு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இராசமலர் அக்கா ஒரு பிடி சோற்றைக் குழைத்தபடி, "திங்கக்கிழமை புத்தகத்தைக் கேளும். முதலாளி இருக்கேக்க, அவருக்கு முன்னால கேளும்" என்றார். பொறி வைக்கிறா என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு முழுக்க நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை. பிரதாபன் போனில், "விட்டிட்டு வாரும், வேற வேலை பாப்பம்" என்றான். விட்டுவிட்டு வருவதா? பதினாலு நாளும் என்னுடையவை. அவற்றை விடுவதைவிட முதலாளியின் நெல்லுக் குவியலில் ஏறி நின்று கத்தலாம்.

திங்கட்கிழமை கேட்டேன். முதலாளி சிரித்தார். "காட்டுங்கோ இராசமலர். பிள்ளை வடிவாய்ப் பாக்கட்டும்."

அக்கா புத்தகத்தைக் கொண்டுவந்து, கலண்டர்த் தாள் செருகியிருந்த பக்கத்தில் விரித்து, எனக்கு முன்னால் வைக்கவில்லை. முதலாளிக்கு முன்னால் வைத்தார்.

எங்கள் முதலாளிக்கு ஒரு பழக்கம். லீவைக் கொடுத்தால் வெறும் கையெழுத்து. மறுத்தால் காரணத்தைப் பச்சை மையில் விலாவாரியாக எழுதுவார். இரண்டாம் தரம் யாரும் வந்து கேட்கக் கூடாது என்பதற்காக. அந்தப் பக்கத்தில் போன வருடம் வைகாசி மாதத்துத் திகதி. என் பெயர். கீழே பச்சை மை: "எழுத்து மட்டுமே முடிந்தது. தாலி கட்டும்வரை தகப்பன் வீட்டுப் பிள்ளை. கல்யாண லீவு இல்லை."

நான் அதை மூன்று தரம் வாசித்தேன். முதலாளி எத்தனை தரம் வாசித்தார் என்று தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு வாசித்தார்.

"எழுத்து முடிஞ்சது உங்களுக்குத் தெரியாதெண்டனீங்கள், ஐயா" என்றேன். "தகப்பன் வீட்டுப் பிள்ளைக்குத் துடக்கு இருக்குதோ, இல்லையோ?"

முதலாளி மேசையில் விரலால் தட்டிக்கொண்டு வெளியே நெல்லு காய்வதைப் பார்த்தார். "இருக்குத்தான்" என்றார் கடைசியில், கறள் பிடித்த கதவு திறக்கிற மாதிரி. பிறகு பேனாவை எடுத்து, ஆனி மாதத்து இருபத்தேழு நாளுக்கும் நேரே தன் கையாலேயே எழுதினார்: "துடக்கு. லீவில் சேராது."

பதினைந்தாம் திகதி பின்னேரம் கடைசிச் சம்பளமும் சேவைக் கடிதமும் என் கையில் இருந்தன. இரண்டையும் சரிபார்த்தேன், எப்படியென்று சொல்லத் தேவையில்லை. பஸ்சுக்கு நடந்தபோது இராசமலர் அக்காவும் படலைவரை வந்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, வழக்கம்போல, "ஏன் அக்கா எனக்கு உதவி செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"உமக்கெண்டோ நினைச்சனீர்?" என்று சிரித்தார். "முந்தநாள் அவர் எழுதினது எனக்குத்தான் வேணும்."

ஆறு வருடத்துக்கு முன் அவருடைய தமையன் செத்தபோது அவரையும் முப்பத்தொரு நாள் வீட்டில் நிற்கச் சொன்னாராம் முதலாளி. கலியாணம் கட்டாத தங்கச்சிக்கு அந்தத் துடக்கு இல்லையென்று எவராலும் சொல்ல முடியாது. ஆனாலும் வந்து பார்த்தால் அத்தனை நாளும் லீவாகப் பதியப்பட்டிருந்தது, அடுத்த வருடத்து லீவும் சேர்த்து. பதிந்தது அவருடைய கைதான். முதலாளி சொல்லச் சொல்ல. அடுத்த வருடம் தாய் வருத்தம் வந்து படுக்கையில் கிடந்தபோது ஒரு நாள்கூட லீவு இல்லை. மில்லில் நெல்லு நிறுத்துக்கொண்டிருக்கும்போதுதான் தாய் போன செய்தி வந்ததாம்.

"என்ர பக்கத்தில பச்சை மை இல்லைப் பிள்ளை. உம்மட பக்கத்தில இருந்தது. ஒருக்கா அவர் தன்ர கையால துடக்கு லீவில சேராது எண்டு எழுத வேணுமெண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீர் முந்திக் கண்டு கேட்டிருந்தால் உமக்கு மட்டும் விட்டுக்குடுத்திருப்பார், எழுதியிருக்க மாட்டார்."

என் சந்தேகம் பிழையே இல்லை. அவருக்கு இதில் ஒரு நோக்கம் இருந்தது, புத்தகத்தை மூடி மூடி வைத்ததும் அதற்காகத்தான். அதைக் கேட்டு அந்தப் படலையடியில் நான் அழுதேன்.

அவர் கைப்பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்தார். அவருடைய விலகல் கடிதம், துடக்கில் பறிபோன லீவையும் திருப்பிக் கேட்டு. துடக்குக்காக மில்லில் ஆட்களை மறிப்பது வழக்கம் என்று ஒரு சாட்சி அடியில் கையெழுத்து வைக்க வேண்டும்.

"வாசிச்சுப் பாத்துப் போடும். ஆறுதலாய் மூண்டு தரம் வாசியும், பஸ் நிக்கும்" என்றார்.

பேனாவை வாங்கி, கைப்பையின் மேலேயே வைத்து, கையெழுத்துப் போட்டேன்.

முறிகண்டி தாண்டிய பிறகுதான் ஒரு வரிகூட வாசிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் திடுக்கிட்டேன். பிறகு யன்னலைத் திறந்துவிட்டு, வவுனியாமட்டும் நித்திரை கொண்டேன்.