முன்னறை மீட்டர்

ஒரு வாரமாகக் கணவர் பாத்திரம் கழுவுகிறார். முன்னறையில் தையல்கடை வைத்திருந்த அவளுக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது.

ஊருக்கு மின்சாரம் தரும் குட்டிக் கம்பெனி எஞ்சினியரான அவருடையது. ஓடையில் ஒரு டர்பைன், நூறு இணைப்புகள், ஒரே ஒரு லைன்மேன். ஆனாலும் பெரிய கம்பெனிகள் தரும் அதே அறிக்கைகளை அவரும் மின்சார ஆணையத்துக்கு எழுதித் தர வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய மாலைப்பொழுதெல்லாம் அதிலேயே போனது. அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று பாத்திரத்தின் மேல் என்ன பாசம்?

இன்று காலை லைன்மேன் ஏணி போட்டு அவள் கடைக்கு வரும் வயரைத் தடவிக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி, என் வயர்ல என்ன தேடுற?”

“சும்மாதான்க்கா. காத்துல ஆடுச்சு.”

“காத்தே இல்லையே.”

“அதான் இப்ப ஆடல” என்று இறங்கி ஓடினான்.

மதியம், கம்பெனிக் கணக்கைப் பார்க்கும் நாத்தனாரிடம் கணவர் போனில் கிசுகிசுத்தார். “அவகிட்ட இன்னும் சொல்லல. கடை லைனை எடுத்துட்டா வேலை முடிஞ்சுது.”

நாத்தனாருக்கு அந்த அறைமேல் ரொம்ப நாளாக ஒரு கண். ‘இவ்வளவு வெளிச்சமான ரூமை மெஷினுக்குக் குடுத்திருக்கீங்களே’ என்று வரும்போதெல்லாம் பெருமூச்சு விடுவாள்.

மாலையில் அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார். அவள் மெஷினை நிறுத்தினாள்.

“ஏங்க, நேராவே கேக்குறேன். என் கடையைத் தூக்கி உங்க தங்கச்சிக்குக் குடுக்கப்போறீங்களா?”

“கடையையா? ஐயோ, மீட்டரை மட்டும்தான்மா!” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. நூறு இணைப்புக்குக் குறைவான கம்பெனிகள் இனி வருஷத்துக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும் என்று ஆணையம் சொல்லியிருந்தது.

“நம்மகிட்ட சரியா நூறு. ஒண்ணு குறையணும். ஊர்ல யார் லைனை வெட்டினாலும் சண்டை. அதான் கடையை வீட்டு மீட்டரோட சேர்த்துடலாம்னு...”

“என்கிட்ட சண்டை வராதுன்னு நினைச்சீங்களா?”

“வரும்னுதான் பாத்திரம் கழுவினேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ‘எஞ்சினியர் வீட்டம்மா’ என்றே ஊர் அவளைக் கூப்பிடும். கடை மீட்டருக்கான பில் மட்டும்தான் அவளுடைய சொந்தப் பெயருக்கு வரும்.

“ஒண்ணு குறைஞ்சா போதும்ல? வீட்டு மீட்டரைக் கழட்டுங்க. வீட்டுக்கு என் கடைலேர்ந்து லைன் போகட்டும்.”

“கடை ரேட்டு ஜாஸ்திம்மா.”

“ரேட்டு போட்டது யாரு?”

“கம்பெனிக்காரன் வீட்லயே மீட்டர் இல்லைன்னா ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். இனிமே சாயங்காலம் வீட்லதானே இருப்பீங்க? சேர்ந்து உக்காந்து கேப்போம்.”

அவர் டீயை அவள் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் லைன்மேன் மறுபடி ஏணி போட்டான்.

“நம்புங்கக்கா, வீட்டு வயர்தான்.”

“வாயால சொல்லாத, எந்த வயர்னு கையால காட்டு” என்று, அவன் இறங்கும்வரை ஏணியடியிலேயே நின்றாள்.