கால் படாத செருப்பில் வெட்டிய எழுத்து

கமலவேணி கோடு போட்டால் கோணும், எழுதினால் கோழி கிளறியது போல இருக்கும். மற்றபடி கைவேலையில் அவளுக்கு ஈடு உப்பளம் வட்டாரத்திலேயே கிடையாது. பேச்சுக்குப் பேச்சு பிரெஞ்சு கலக்கிற மதாம் செல்வாம்பாளின் காகிதப் பட்டறையில் பதினோரு வருஷமாகப் புத்தகம் தைத்துக்கொண்டிருந்தாள். கந்தல் துணியை அரைத்துச் செய்த கெட்டித் தாளில் ஓவியர்கள் படம் போட்டுக் கொடுப்பார்கள். அவள் தைத்து அட்டை கட்டுவாள். கடைசிப் பக்கத்தில் ஓவியர் பேர், அச்சிட்டவர் பேர், பட்டறைப் பேர் எல்லாம் வரும். தைத்தவள் பேர் மட்டும் வராது. ஊசிக்கு யார் பேர் வைக்கிறார்கள் என்று அவளும் சும்மா இருந்துவிட்டாள்.

எண்பத்து நாலாம் வருஷம் தை மாதம் மதாம் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: பட்டறையில் இருக்கிற ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு புத்தகம் செய்யலாம். படமும் இருக்க வேண்டும், வார்த்தையும் இருக்க வேண்டும். நன்றாக வந்தால் செய்தவர் பேரோடு கண்காட்சியில் வைப்பார்கள். ஆளுக்கு ஒன்பது தாள். அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது.

அன்றிலிருந்து கமலவேணிக்குச் சோறு இறங்கவில்லை. தன் பேர் போட்ட புத்தகம் ஒன்று கண்காட்சி மேசைமேல் இருக்க வேண்டும். பேராசையென்றால் பேராசையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

படத்துக்கு அவள் கஷ்டப்படவில்லை. வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிற அஞ்சலாட்சியிடம் ஒன்பது தினுசு மீன் வாங்கினாள். மீன்மேல் மெல்லிசாக மை தடவி, தாளைப் போர்த்தி, விரலால் நீவி எடுத்தால் செதில் செதிலாக மீன் தாளுக்கு ஏறிவிடும். வார்த்தைக்கும் அவள் எங்கேயும் அலையவில்லை. ஒவ்வொரு மீனையும் கூடையிலிருந்து எடுத்துப் போடும்போது அஞ்சலாட்சி வாய் சும்மா இருக்குமா? அவள் சொன்னதைக் கமலவேணி அப்படியே ஒரு காகிதத்தில் கிறுக்கிக்கொண்டாள்.

அந்த வார்த்தையைத் தாளில் ஏற்றுவதில்தான் பாடு வந்தது. பட்டறையில் கிடந்த ஓரத்துண்டுகளில் முதலில் பேனாவால் எழுதிப் பார்த்தாள். தாள் மையைக் குடித்து, ஒவ்வொரு எழுத்துக்கும் மீசை முளைத்தது. டைப்ரைட்டிங் கற்றுத் தருகிற இடத்துக்குத் துண்டை எடுத்துப் போனாள். கெட்டித் தாள் உருளைக்குள் நுழையவே மாட்டேன் என்றது. தள்ளி நுழைத்தால் புள்ளி வைத்த இடமெல்லாம் ஓட்டை விழுந்தது. அச்சாபீஸ்காரர், "ஒரே ஒரு புஸ்தகத்துக்கா? எழுத்துக் கோக்கவே ஒரு நாளாவும், போம்மா" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் அவள் புருஷன் தேவதாஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். ஆலையில் இருபது வருஷமாகத் துணிக்கு முத்திரை குத்துகிறவன். ஆலை ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்ததில் கை நமநமவென்று இருந்தது.

"கஞ்சி போடாத துணியில குத்தினா மை ஓடத்தான் செய்யும். இதுவும் துணிதானே? கஞ்சி போடு, கொஞ்சம் மயில்துத்தம் கல, பூச்சி அண்டாது. எழுத்த நான் வெட்டித் தர்றேன்" என்றான்.

"எதுலங்க வெட்டுவீங்க?"

"ரப்பர் செருப்புலதான். பழசு கெடக்குது பாரு, பிளேடு போட்டா வெண்ணெயாட்டம் வரும்."

கமலவேணி காதைப் பொத்திக்கொண்டாள். "செருப்புல எழுத்தா! புஸ்தகத்துல கால் பட்டாலே தொட்டுக் கும்புடுற ஆளு நானு. சரஸ்வதி சும்மா விடுவாளா?"

தேவதாஸ் நேராகக் கடைக்குப் போனான். புது ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கி, அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சுடுகிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்தான். "போதுமா? எவன் காலும் படல" என்று அவள் முன்னால் வைத்தான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவன்மேல் ஆசையும் வந்தது.

மூன்று நாளில் எழுத்துகள் தயார். எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வெட்டி மரத்துண்டுகளில் ஒட்டினான். புள்ளி வைக்க ஒரு தீக்குச்சி. மீன் தாள்களுக்குக் கஞ்சி தடவிக் கொடியில் காயப்போட்டார்கள். தெருப் பூனை ஒன்று கொடிக்குக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனது. காய்ந்த தாளை இஸ்திரிப் பெட்டியால் நீவினார்கள். சனிக்கிழமை புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை கமலவேணி வேலைக்குப் போயிருந்தபோது தேவதாஸ் ஒன்பது தாளுக்கும் முத்திரை குத்தி முடித்துவிட்டான்.

சாயந்தரம் வந்து பார்த்தாள். எழுத்து ஒவ்வொன்றும் முத்துப்போல இருந்தது. ஒரு பிசிறு இல்லை. ஆனால் அத்தனையும் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. மீன் ஒரு பக்கம், அதன் பேச்சு மறுபக்கம்.

"பின்னாடி எதுக்குங்க குத்துனீங்க?"

"பின்ன? நல்ல பக்கத்துல முத்திரை வச்சா மேஸ்திரி தோலை உரிச்சுடுவாரு. துணிக்கு எப்பவும் பின்பக்கம்தான வேணி?" என்றான் அவன் வெள்ளந்தியாக. சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே விளங்கிவிட்டது. முகம் செத்துப்போனது.

கமலவேணி தலையில் கை வைத்து உட்கார்ந்து அழுதாள். வேறு தாள் கிடையாது, நாளும் கிடையாது. இருபது வருஷப் பழக்கத்தோடு சண்டை போட்டு ஆகப்போவது என்ன? அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, தாள்களை அடுக்கிப் புரட்டிப் பார்த்தாள். ஒரு மீனைத் திருப்பினால் அதன் பேச்சு இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் அடுத்த மீன் வந்து நின்றது. சங்கரா மீனின் பேச்சை வவ்வால் மீன் பேசுவது போல இருந்தது. அங்கேதான் தையல்காரி மூளை வேலை செய்தது. மறுநாள் பட்டறையில் மிச்சமாகக் கிடந்த மஞ்சள் மெல்லிசுத் தாளை வெட்டி, இரண்டு மீனுக்கு நடுவே ஒன்றாக வைத்துத் தைத்தாள். இப்போது மீனைத் திருப்பினால் அதன் பேச்சு மட்டும் தனியாகத் தெரிந்தது.

சனிக்கிழமை புருஷனும் பெண்டாட்டியுமாகத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார்கள். மதாம் புரட்டியதும் நெற்றியைச் சுருக்கினார். "படத்துக்குப் பக்கத்துல வார்த்தை இல்லையே, கமலவேணி?"

கமலவேணி எட்டிப் புத்தகத்தை முதல் மீனுக்குப் புரட்டி வைத்தாள். வாய் முந்திக்கொண்டது. "மதாம், மொதல்ல மீனைப் பாத்து அது இன்னா மீனுன்னு சொல்லுங்க. அப்பறம் திருப்புங்க."

மதாம் தினமும் மீன் இல்லாமல் சாப்பிடாதவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இதென்ன பெரிய வித்தை? வவ்வால் குட்டி" என்று சொல்லித் திருப்பினார். அங்கே அஞ்சலாட்சி பேசிக்கொண்டிருந்தாள்:

'வவ்வாக் குட்டின்னு எவனாவது வித்தா நம்பாத. இது காரப்பொடி. புள்ள பெத்தவளுக்கு ஆக்கிப் போடு, பால் ஊறும்.'

மதாமுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அல்லே, அடுத்தது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சங்கராவைச் சரியாகச் சொன்னார். 'கண்ணு கலங்கியிருந்தா மீனை வாங்காத, வித்தவள நல்லாப் பாத்து வச்சிக்க' என்று அதன் பின்னால் படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நெத்திலிக்குப் பின்னால் 'எண்ணாத. அள்ளு' என்று மட்டும் இருந்தது. பட்டறையே வேலையை விட்டுவிட்டு அவர் நாற்காலியைச் சுற்றி நின்றது. ஒன்பதில் மதாம் சரியாகச் சொன்னது நாலுதான்.

"மெர்சி, கமலவேணி. நடு மேசையில இதுதான் இருக்கும்" என்று புத்தகத்தை மூடினார். "அது சரி, அட்டை மொட்டையா இருக்கே. உன் பேர் எங்க?"

கமலவேணி திரும்பித் தேவதாஸைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து மை அட்டையையும் எழுத்துகளை வரிசையாகச் சேர்த்து நூல் சுற்றிய ஒரு கட்டையையும் எடுத்தான்.

"பேரை நான் குத்தல. ஒரு தடவ உன்னை அழவச்சது போதும்" என்றான் மெதுவாக. "எங்க வரணும்னு உனக்குத்தான் தெரியும். நீயே குத்து."

அவள் கட்டையை மையில் ஒற்றினாள். முன்னட்டையின் நடுவில், கண்ணாலேயே அளவு பார்த்து வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள். எடுத்தபோது ஒரு எழுத்துகூடக் கலங்கவில்லை. கமலவேணி.

அவள் அதை வாய்விட்டு ஒரு தரம் படித்தாள். பிறகு மதாமின் மேசை என்றும் பாராமல் அழுதாள். அழுதுகொண்டே, எட்டிப் பார்க்க வந்தவர்களை எல்லாம், "மை காயட்டும், ஒருத்தரும் கை வைக்காதீங்க!" என்று அதட்டினாள்.