சிப்பி கழுவிய கடல்

படகுத்துறைக் கம்பத்தில் தடைக்கொடி ஏறியதும் கீழே நின்ற மாமா காறித் துப்பினார். கொடியை ஏற்றியவளின் அக்கா புருஷன்தான். கடல்நீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் மச்சினி, பார்க்காத மாதிரி கொடிக்கயிற்றின் முடிச்சை இறுக்கினாள். வளைகுடாவில் சிப்பி வளர்க்கும் எல்லாருக்கும்தான் அறுவடைத் தடை. வாய் நீண்டது என்னவோ அவருக்கு மட்டும்.

"கடல் செவந்து கிடந்தப்போ நிறுத்துனே, வாயை மூடிக்கிட்டேன். இப்ப தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. இன்னும் என்ன வயித்தெரிச்சல் உனக்கு?"

"அந்தச் செவப்புப் பாசி போயிருச்சு மாமா. அதோட விஷம் சிப்பிக்குள்ள இருக்கு. சோதனையில வந்திருச்சு."

"சிப்பிதானே தண்ணியை வடிகட்டிச் சுத்தம் பண்ணுச்சு!"

"வடிகட்டுனது எங்க போச்சு? அது வயித்துக்குள்ளதானே?"

தண்ணீர் தெளிந்தால் தங்கள் சிப்பிதான் கடலைக் கழுவியது என்று மார்தட்டுவது சிப்பிக்காரர்களின் பழக்கம். கழுவிய அழுக்கு எங்கே போனது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

போன வருஷம் சந்தேகத்தின் பேரில் அவள் அறுவடையை நிறுத்தினாள். கடைசியில் விஷமே இல்லை என்று வந்தது. அதற்குள் சூடேறிய கடலில் அக்கா வீட்டுச் சிப்பியெல்லாம் வாய் பிளந்து செத்துவிட்டது. அன்றிலிருந்து அக்கா அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்று பேசினாள். கொட்டகையிலிருந்து ஆவி பறக்கும் சிப்பிச் சட்டியோடு வந்தாள்.

"கொதிக்க வெச்சா எந்த விஷமும் நிக்காது. பாருடி!"

"கொதிச்சாலும் அது போகாதுக்கா! கீழே வை!"

பாய்ந்து தட்டிவிடுவதற்குள் ஒரு கைப்பிடி உள்ளே போயிருந்தது. அக்கா அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "என் குடும்பம் நல்லா இருந்தா உனக்குப் பொறுக்காதே!"

தங்கை ஆபீஸ் ஜீப்பைக் கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிக் கெஞ்சினாள். மாமா சிரித்தார். அக்கா பிறந்த வீட்டுக் கதையெல்லாம் இழுத்து, அரை மணி நேரம் விடாமல் திட்டினாள். நடுவில் சட்டென்று நிறுத்தி வாயைத் தேய்த்தாள்.

"என்னடி... உதடு மரத்துப்போகுது."

மாமாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "என்ன மருந்து? சொல்லு, என்ன மருந்து?"

"மருந்தே கிடையாது மாமா. மூச்சுக்கு மெஷின்தான் வைக்கணும். வண்டியை எடுங்க!"

பின் சீட்டில் அக்காவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். அக்காவின் நாக்கு குழறியது. தண்ணீர் கேட்கிறாளோ என்று குனிந்து காதைக் கொடுத்தாள்.

"ஜெயிச்சுட்டேல்ல?" என்றாள் அக்கா.