கேமராவுக்கு ஆகாத வெள்ளை

"இதக் கட்டு. இல்லைன்னா இன்னையோட ஒன் நடிப்பு முடிஞ்சுது."

பாக்கியலட்சுமி வெள்ளைச் சேலையை மருமகள் மடியில் எறிந்தாள்.

கண்மணி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஏழு வயதில் வானொலி நாடகத்தில் அழுது பெயர் வாங்கியவள். பிறகு ஃபேரர் பார்க் விழா மேடைகளில் பாலமுருகன் வேடம். சிங்கப்பூருக்குத் தொலைக்காட்சி வந்தபோது தங்கை, மணப்பெண் என்று வேடங்களும் வளர்ந்திருந்தன. வேறு வேலை அவளுக்குத் தெரியாது. தோ பாயோ அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் இருக்கும் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி அவள் சம்பளத்தில் வந்தது. அதற்குத் தீட்டு இல்லை.

கணவன் போன பிறகு இதுதான் முதல் நாடகம். விதவை வேடம் என்பதால் மாமியார் இறங்கி வந்திருந்தாள்.

கணவனின் அண்ணன் சேதுபதி கண்ணாடி முன் மீசைக்கு மை தடவிக்கொண்டிருந்தான். தம்பி போன அதே ஆண்டில்தான் அவன் மனைவியும் செத்தாள். மறுநாள் ஜொகூரில் அவனுக்குப் பெண் பார்க்கும் நிகழ்ச்சி.

"குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்ல லா?" என்றான், பட்டுச் சட்டையை நீவியபடி.

தொலைக்காட்சி நிலையத்தில் தயாரிப்பாளர் தங்கராஜு பதறினார்.

"ஐயோ, வெள்ளை வேணாம்மா! லைட் பட்டா கேமரா கூசும், மூஞ்சியே தெரியாது. இளமஞ்சள் கட்டு, பாக்குறவங்களுக்கு வெள்ளையாத்தான் தெரியும். இத்தனை வருஷம் நடிக்கிறே, ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் சார். வீட்டுல தெரியாது."

பையிலிருந்து தன் பழைய இளமஞ்சள் சேலையை எடுத்தாள்.

மாலையில் நேரடி ஒளிபரப்பு. பாக்கியலட்சுமி பக்கத்து வீட்டு மைமூனைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள்.

"என்னா அடக்கம் பாத்தியா! அந்த வெள்ளைதான் அவளுக்கு அழகு. நாந்தான் கட்டச் சொன்னேன்."

"பால் மாதிரி இருக்குக்கா."

"இப்படியே இருந்தா நடிச்சிட்டுப் போகட்டும்" என்று சேதுபதி அருள்பாலித்தான்.

நாடகம் முடிந்து, பஸ் பிடித்து வந்து, கண்மணி கதவைத் தட்டினாள். மைமூன் திறந்தாள். வாசலில் மஞ்சள் சேலை.

"இது என்னடி வேஷம்?" என்றாள் மாமியார்.

"இவ்ளோ நேரம் நீங்க மெச்சிக்கிட்டிருந்த வேஷந்தான் அத்தே."

பாக்கியலட்சுமி பெட்டியைப் பார்த்தாள். அதில் யாரோ மலாய்ப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். மைமூன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் குடுத்த சேலை எங்கடி?"

"கேமராவுக்கு ஆகல. கண்ணாடி தொடைக்க எடுத்துக்கிட்டாங்க."

சேதுபதி எழுந்தான். "நாளைக்கு நான் பொண்ணு பாக்கப் போறேன். இந்தக் கோலத்துல நீ வீட்டுல நின்னா..."

"வெள்ளையக் கட்டிக்கிட்டுப் போங்க மச்சான். பொண்டாட்டி செத்தவருன்னு பாத்த ஒடனே தெரியட்டும்."



மறுநாள் காலை, அந்த மாடி ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பில் இளமஞ்சள் சேலை ஈரத்தோடு தொங்கியது. கீழே டாக்ஸிக்குக் காத்திருந்த சேதுபதியின் பட்டுச் சட்டையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அவன் தலையை நிமிர்த்தவில்லை. குடையை விரித்துக்கொண்டான்.