பெஞ்சை விட்டு இறங்காதவள்

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்ட மாணவி இன்றுவரை இறங்கவில்லை. பெஞ்சும் வளர்வதை நிறுத்தவில்லை. முதல் வருடமே அது கூரையைத் தொட்டது. பிறகு பள்ளியின் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டியது.

அந்த உயர்நிலைப் பள்ளி நகரத்தின் ஓரத்தில், பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், நான்கு அறைகளோடு தொடங்கியது. சுற்றிலும் தொழிற்சாலைக் குடியிருப்புகள் பெருகப் பெருக அறைகளும் பெருகின. இடம் போதாத வருடங்களில் பெரிய வகுப்புகள் காலையிலும் சின்ன வகுப்புகள் மதியத்திலும் நடந்தன. காலையில் வந்தவர்கள் பெஞ்சில் கிறுக்கியதற்கு மதியம் வந்தவர்கள் பதில் கிறுக்கினார்கள். சில கல்யாணங்கள்கூட அப்படி முடிந்திருக்கின்றன. கழிவறைக்குக் கதவு வருவதற்கு முன்பே ஆய்வுக்கூடம் வந்துவிட்டது. அதில் ஒரே ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. அது காணாமல் போனது, மேலிடத்திலிருந்து அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளியைப் பார்வையிட வந்த நாளில்.

உண்மையில் அது காணாமல் போகவில்லை. அறிவியல் ஆசிரியர் தன் வீட்டு ட்யூஷனுக்காக அதை எடுத்துப் போயிருந்தார். துணிப்பையில் வைத்து அவருடைய ஸ்கூட்டர் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவன் அந்த ஒன்பதாம் ‘பி’ வகுப்பின் லீடர். அதிகாரிகள் காலி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஆசிரியருக்கு அவசரமாக ஒரு திருடி தேவைப்பட்டாள். முந்தின நாள் மணி அடித்த பிறகும் ஆய்வுக்கூடத்திலேயே நின்று, வெங்காயத் தோலை இன்னொரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்ட ஒருத்தி இருந்தாள். படிப்பில் ஆசை வைத்ததைத் தவிர அவள் வேறு பாவம் செய்யவில்லை. ஆசிரியர் எல்லார் முன்னாலும் அவளைத் திருடி என்றார், பெஞ்சின் மேல் ஏறச் சொன்னார், ஒப்புக்கொள்ளும் வரை இறங்கக் கூடாது என்றார். லீடர் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் பாடப் புத்தகத்தில் அப்படி என்னதான் கண்டார்களோ, தலையைத் தூக்கவேயில்லை.

சாயங்காலம் அவளுடைய அம்மா வந்தாள். துணித் தொழிற்சாலையில் சட்டைகளுக்கு இஸ்திரி போடும் வேலை. கையில் சூடு ஆறியிருக்கவில்லை.

“நீ எடுத்தியாடி?”

“இல்லம்மா.”

“அப்ப இறங்காத.”

மறுநாள் காலையில் பெஞ்சு ஒரு சாண் உயர்ந்திருந்தது. யாராவது அவளைத் திருடி என்று சொல்லும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. அந்த வருடம் அந்த வார்த்தையை நிறையப் பேர் நிறைய இடங்களில் சொன்னார்கள். கூரையை முட்டியதும் பொதுப்பணித் துறையிலிருந்து ஆள் வந்து ஓட்டை போட்டு, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காதபடி சுற்றிலும் சிமெண்டு பூசிவிட்டுப் போனார்கள். பெஞ்சின் கால்களுக்கு நடுவே வகுப்பு வழக்கம்போல நடந்தது. அம்மா கூடையில் கயிறு கட்டிச் சாப்பாடு அனுப்பினாள், வருடா வருடம் சீருடையின் மடிப்பைப் பிரித்துவிட்டாள். அரசுத் தேர்வின் கேள்வித்தாளும் அதே கூடையில்தான் ஏறியது. கண்காணிக்க வந்தவர் மூன்று மணி நேரம் அண்ணாந்து பார்த்துக் கழுத்துச் சுளுக்கோடு திரும்பினார். அவள் முதல் வகுப்பில் தேறினாள். தேறிய பிறகும் இறங்கவில்லை. மதிப்பெண் பட்டியலில் அவள் திருடி இல்லை என்று யாரும் எழுதியிருக்கவில்லை.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிய வருடம் அவளுக்கு ஆசிரியரின் வீடு தெரிந்தது. ஒரு காலை, பிரார்த்தனை முடிந்து எல்லோரும் வரிசையில் நின்றபோது மேலிருந்து குரல் வந்தது: “சயின்ஸ் சார் வீட்டு மாடியில ட்யூஷன் நடக்குது. நம்ம மைக்ராஸ்கோப்பு ஜன்னலோரமா இருக்கு. அடியில நம்ம ஸ்கூல் பேரு வெள்ளை பெயிண்ட்டுல அப்படியே இருக்கு.” அவ்வளவு உயரத்திலிருந்து பேசியதால் பணிமனை வரைக்கும் கேட்டது. டிரைவர்கள் இஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டார்கள்.

ஆசிரியர் திரை போட்டார். மறுநாள் திரையின் நிறத்தைச் சொன்னாள். தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார். எந்தச் செடிக்குப் பக்கத்தில் என்று சொன்னாள். தோண்டி எடுத்து வீட்டுக்குள் கொண்டு போனார். அவர் முழங்கை வரை சேறாக நின்ற கோலத்தைச் சொன்னாள். லீடர் வளர்ந்து கடை வைத்திருந்தான். அவன் தராசில் சாமான் வைக்கும் தட்டுக்கு அடியில் என்ன ஒட்டியிருக்கிறான் என்பதையும் சொன்னாள். கடை மூன்றே மாதத்தில் படுத்தது. தலைமையாசிரியை மட்டும், விசாரித்தால் பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று ஃபைலை மூடியே வைத்திருந்தார். கட்டடத்துக்கு இருந்த பெயர் மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை.

ட்யூஷனுக்கு வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றார்கள். ஆசிரியர் பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். கடைசியில் அவர் மனைவியே மைக்ராஸ்கோப்பைத் துடைத்துக் கொண்டுவந்து ஆய்வுக்கூடத்தில் வைத்துவிட்டு, அவரிடம் சொன்னாள்: “போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் வீட்டுப் பக்கம் வராதீங்க.”

அவர் பெஞ்சுக்கு அடியில் வந்து நின்று, இறங்கி வாம்மா, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார்.

“எல்லார் முன்னாடியும்தானே சார் சொன்னீங்க? அது ஊரெல்லாம் போயிடுச்சு. மேல வந்து சொல்லுங்க. இங்கேருந்து சொன்னாதான் ஊருக்கே கேக்கும்.”

கால்களுக்கிடையே கெஜத்துக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள் முளைத்திருந்தன. ஆசிரியர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினார். கூரையைத் தாண்டி, தொட்டியைத் தாண்டி, மூச்சு வாங்க நின்று, தொண்டை கிழியக் கத்தினார்: “நீ எடுக்கலம்மா! நான்தான் எடுத்தேன்! பொய் சொன்னேன்!”

மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றார்கள். பணிமனையில் கேட்டது. குடியிருப்பின் கடைசித் தெருவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது.

மேலிருந்து பதில் வந்தது: “கேக்கல சார். இன்னும் கொஞ்சம் மேல வாங்க.”

அவர் ஏறினார். பெஞ்சும் அவர் ஏறிய அளவுக்கு வளர்ந்தது. மறுபடி கத்தினார். மறுபடி கேட்கவில்லை என்றாள். கீழே பார்த்தால் இறங்க முடியாத உயரம். மேலே அவள் செருப்பின் அடிப்பாகம் தெரிந்தது. அம்மா இரண்டாவதாக ஒரு கூடை கட்டினாள். அவரும் சாப்பிட வேண்டும், பட்டினியில் குரல் போய்விட்டால் யார் கத்துவது என்றாள்.

தலைமையாசிரியை அவள் வீட்டுக்கே போய்க் கும்பிட்டார். “அவர்தான் ஒத்துக்கிட்டாரே, ஊரே கேட்டுச்சே, இனிமேலாவது பொண்ண இறங்கச் சொல்லுங்கம்மா.”

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அவளுக்குக் கேக்கலியாம் டீச்சர். நான் என்ன பண்றது?”

அதற்குப் பிறகு வந்த தலைமையாசிரியர்கள் யாரும் இந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் மூன்றாவது பீரியடில் மேகத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நான்தான் எடுத்தேன், நான்தான் எடுத்தேன் என்று ஒரு குரல் மெல்லியதாகக் கேட்கும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒரு வாரம் அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு, அந்தக் குரல் கேட்டால் இடைவேளைக்கு இன்னும் பத்து நிமிடம்தான் என்று தெரிந்துகொண்டு பேனாவை மூடுவார்கள்.